ஆள்காட்டி விரல்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பரிசோதனைக் கையேட்டிலிருந்து 'விரல் சோதனை' என்ற பக்கத்தை எடுத்துவிட்டார்களாம். இனிமேல் ரப்பர் முனை பொருத்திய ஓர் இயந்திரக் கைதான் எல்லாத் திரைகளையும் அழுத்திப் பார்க்குமாம். அதற்குக் கீழே, நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தார்: "சங்கரலிங்கம் சார், மீட்டர் இருக்கும்போது ஆள் விரலை நம்பி ஏன் சார் பாஸ் பண்ணீங்க? ஆளுக்கு ஆள் மாறாதா?"

பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன், அதையும் அழித்தேன். அந்த விரல் சோதனையை எழுதிச் சேர்த்தவனே நான்தான். அதில் தோற்றவனும் நான்தான். இரண்டில் எதைச் சொல்வதென்று குழப்பமாக இருந்தது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். எனக்கு விளங்காத இடங்கள் அப்படியே இருக்கட்டும்.

பிறந்தது வத்திராயிருப்பு. டிப்ளமா முடித்து ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாகச் சில வருடம் இருந்தேன். பிறகு சென்னைப் பக்கம், செல்போனுக்குள் வைக்கிற அதிர்வு மோட்டார் செய்யும் தொழிற்சாலைக்குப் போனேன். காயில், அதாவது கம்பிச்சுருள், சுற்றுவதில் தொடங்கி டிசைன் வரை கற்றது அங்கேதான். அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஊர்ப்பக்கம் திரும்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு எடுத்து, அங்கிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருந்த ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

நாங்கள் செய்த பொருளைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொடுதிரையில் பொத்தான் கிடையாது, பொத்தானின் படம்தான் உண்டு. கண்ணாடியை அழுத்தினால் அழுத்தியது கைக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் பம்ப் இருக்கிறதே, அதன் திரையை நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு அழுத்துவார். பதிந்ததா இல்லையா என்று தெரியாவிட்டால் இன்னொரு முறை அழுத்துவார். மருந்து இரட்டிப்பாகிவிடும். ஆகவே, அழுத்தியதும் விரலில் 'டக்'கென்று ஒரு தட்டு தெரிய வேண்டும். அதற்காகத் திரைக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு மின்காந்தம் வைப்போம். திரையோடு சேர்ந்த இரும்புத் தகட்டை அது கண நேரம் இழுத்து விட்டுவிடும். ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் தள்ளும். அந்த இழுப்பும் தள்ளலும்தான் தட்டு.

காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் இதில் உயிர். பாயிண்ட் நாலு மில்லிமீட்டர். கொஞ்சம் குறைந்தால் தகடு காந்தத்தில் மோதும். கொஞ்சம் கூடினால் இழுவிசை மளமளவென்று இறங்கிவிடும். கேஜ் என்று ஒரு கருவி உண்டு. விசிறி மாதிரி விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு கனம். பாயிண்ட் நாலு தகட்டை நடுவே விட்டு, உரசிக்கொண்டு போய் வருகிற அளவுக்கு ஸ்குருவை இறுக்க வேண்டும்.

இதில் கைதேர்ந்தவர் செல்லத்தாய். சுந்தரபாண்டியத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எட்டு வருடமாக அந்த ஒரே மேஜை. வயது நாற்பதுக்குள் இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

நிர்வாகம் பார்த்தவர் ராஜா சார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. புகார் என்று யாராவது ஒரு திரையைக் கொண்டுவந்தால், மேஜைமேல் வெள்ளைத் துண்டை நாலாக மடித்து விரித்து அதன்மேல் வைப்பார். கொண்டுவந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. முதலில் தான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பார்ப்பார். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்கிற முதல் கேள்வி, "எந்த விரல்?"

புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

"கட்டை விரல்ல அழுத்திட்டு ஒருத்தன் சரியில்லங்கான். சுண்டு விரல்ல அழுத்திட்டு இன்னொருத்தன் சரியில்லங்கான். பீஸு மேல பழி. மொதல்ல விரலச் சொல்லுங்க."

எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதுவார். பேனாவால் எழுதினால் திருத்த மனசு வராதாம்.

நான் சேர்ந்த புதிதில், மீட்டர் சரி என்று சொன்ன திரைகளை ஒரு வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார். ஏதோ வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். மீட்டர் தட்டின் உச்சத்தை மட்டும்தான் அளந்தது. தட்டிய பிறகும் கண்ணாடி செத்த நேரம் ஆடிக்கொண்டே இருந்ததை என் விரல்தான் கண்டுபிடித்தது. தட்டு முடிந்ததும் எதிர்த்திசையில் ஒரு சிறு மின் துடிப்பைக் கொடுத்து ஆட்டத்தை நிறுத்தினேன். அதன் பிறகு ராஜா சாரே சொல்லித்தான் விரல் சோதனையை எழுதினேன். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், துடைத்து இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும், கையுறை போட வேண்டும். வலது கை ஆள்காட்டி விரலால் மூன்று முறை அழுத்தி, 'நன்று', 'குறைவு', 'இல்லை' என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். பத்தில் ஒன்றைத்தான் மீட்டர் பார்க்கும். விரல் எல்லாவற்றையும் பார்க்கும். அந்த விரல் என்னுடையது. மீட்டரை விட என் விரலுக்கு மதிப்பு அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

ஒரு நாள் காலை செல்லத்தாய் செய்து அனுப்பிய டிரேயில் ஒன்பது திரைகளும் எனக்குக் கல்லை அழுத்துகிற மாதிரி இருந்தன. டிரேயைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் மேஜைக்குப் போனேன். டீ வந்த நேரம், எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"செல்லத்தாயி, கேஜு போட்டுத்தான் வைக்கியா, இல்ல கண்ணால பாத்து வைக்கியா?"

"போடாம வப்பனா சார்? ஒவ்வொண்ணுக்கும் போட்டுத்தான் எடுக்கேன்."

"அப்ப ஏன் தட்ட மாட்டேங்குது?"

அவர் ஒரு திரையை எடுத்து அழுத்தினார். "தட்டுதே சார். நீங்க இன்னொருக்க பாருங்க."

பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"உன் விரலுக்குத் தட்டுனாப் போதுமா? ஆஸ்பத்திரிக்குப் போற சாமான் இது. ஒரு உசுரு போச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அடுத்த திரையை எடுத்தார். அந்த வாரம் முழுவதும் அவர் டிரேக்களில் பாதிக்கு மேல் 'குறைவு' எழுதினேன். மீட்டருக்குப் போன பத்தில் ஒன்று சரியென்றே வந்தது. மீட்டர் ஒருமுறை ஏமாந்தது போல மறுபடி ஏமாறுகிறது என்றேன். செல்லத்தாயைப் பேக்கிங்குக்கு மாற்றினேன். இரண்டு வாரம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினார். பிறகு வரவில்லை.

அவர் இடத்தில் வேறொருவரை உட்காரவைத்தேன். அவர் வைத்தவையும் சீக்கிரமே எனக்குக் 'குறைவு' ஆயின. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். நானோ கம்பியைச் சந்தேகித்தேன், இரும்பைச் சந்தேகித்தேன், ஸ்பிரிங்கைச் சந்தேகித்தேன். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினேன். மீட்டர் எல்லையைத் தாண்டியது. எல்லையையே உயர்த்தி எழுதிக்கொண்டு ராஜா சாரிடம் போனேன். செத்த நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சங்கரலிங்கம், எனக்கு நல்லாத்தான் தட்டுது."

"உங்களுக்குப் பழகிருச்சு சார்."

கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

மின்சாரம் கூடினால் காயில் சூடாகும். இது பாலிடெக்னிக் மாணவனுக்கும் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், தாங்கும் என்று வந்தது. ஆனால் தகட்டைக் கண்ணாடியோடு பிடித்திருந்த பசை தாங்கவில்லை. சில வாரத்தில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து திரைகள் திரும்பி வந்தன. சிலவற்றில் திரை குதிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். இரண்டில் தட்டு அறவே நின்றுபோயிருந்தது. அதில் ஒன்றை ஒரு நர்ஸ் பதியவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தியிருக்கிறார். பக்கத்தில் நின்ற இன்னொரு நர்ஸ் திரையில் மருந்தளவு எண்ணைப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தியிருக்கிறார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடிதத்தில் அது ஒரு வரிதான். அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். பயந்து பயந்து தட்டைக் கூட்டியவன் நான். தட்டே இல்லாமல் போனதும் என்னால்தான். எந்த இடத்தில் தவறினேன் என்று பிடிபடவே இல்லை.

மறுநாள் ராஜா சார் என்னை அழைத்தார். வெள்ளைத் துண்டின்மேல் பன்னிரண்டு திரைகள் வரிசையாக இருந்தன. மில்லில் சத்தத்துக்குப் போடும் காதடைப்பான் ஒன்றைக் கொடுத்தார், தட்டும் சத்தம் கேட்கக் கூடாதாம்.

"இத மாட்டிக்கிட்டு அழுத்துங்க. எழுத மட்டும் செய்யுங்க, பேச வேணாம்."

கை கழுவினேன். துடைத்தேன். இரண்டு நிமிடம் இருந்தேன். நான் எழுதிய சட்டம்தானே. கையுறை போட்டு ஒவ்வொன்றையும் மூன்று முறை அழுத்தி எழுதினேன். முடித்ததும் அவர் திரைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். ஆறில் வயரே இணைக்கவில்லை. வயர் இல்லாத இரண்டுக்கு நான் 'நன்று' எழுதியிருந்தேன். நன்றாகத் தட்டுகிற ஆறில் ஐந்துக்குக் 'குறைவு', 'இல்லை' என்று எழுதியிருந்தேன்.

"ஏமய்யா இது," என்றார் மெதுவாக, வீட்டுத் தெலுங்கு எட்டிப்பார்க்க. கோபம் இல்லை, பயந்த மாதிரி இருந்தது. "உங்களுக்கு சுகர் எம்புட்டு இருக்கு?"

"மாத்திரை போடுதேன் சார்."

"அதக் கேக்கல. டாக்டர்ட்ட போயி விரலக் காட்டுங்க."

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் டாக்டர் இருந்தார். என் மனைவி சாந்தாவும் கூட வந்தாள். டாக்டர் இசைக்கவை எனப்படும், இரண்டு கவை உள்ள ஓர் எஃகு முள்ளை உள்ளங்கையில் தட்டி, என் கால் பெருவிரலில் அதன் அடியை வைத்தார்.

"அதிர்வு தெரியுதா? நின்னதும் சொல்லுங்க."

"தெரியல டாக்டர்."

கை விரலில் வைத்தார். ஏதோ மங்கலாகத் தெரிந்தது. "நின்னுருச்சு," என்றேன். அவர் அதை அப்படியே எடுத்துச் சாந்தாவின் விரலில் வைத்தார். சாந்தா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆடுதுங்க! நல்லா ஆடுது!"

அந்த முள் விநாடிக்கு எத்தனை முறை அதிரும் என்று கேட்டேன். டாக்டர் சொன்ன எண்ணைக் கேட்டதும் கொஞ்ச நேரம் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. நான் வாழ்நாளெல்லாம் டிசைன் செய்த அதிர்வுகள் அந்த எண்ணைச் சுற்றித்தான் இருந்தன.

"சூடு, குத்தல் எல்லாம் உங்களுக்கு இன்னும் தெரியும்," என்றார் டாக்டர். "அதிர்வு தெரியறதுதான் பெரும்பாலும் முதல்ல போகும். அதனால பல பேருக்குப் போனதே தெரியாது. எத்தனை நாளா இப்படி இருக்கு?"

அதுதான் கேள்வி. எத்தனை நாளாக? கம்பெனிக்கு வந்து பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். இரண்டு வருடத்தில் 'குறைவு' என்று நான் ஒதுக்கிய டிரேக்கள் எத்தனையோ. அவற்றையெல்லாம் பிரித்துக் காயிலை வேறு, இரும்பை வேறு போட்டாயிற்று. இனிச் சரிபார்க்க ஒன்றும் இல்லை. எந்தத் தேதிக்கு முன்னால் நான் சொன்னது உண்மை, எந்தத் தேதிக்குப் பின்னால் பொய்? என் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி உறுதியாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சுந்தரபாண்டியத்துக்குப் பஸ் ஏறினேன். செல்லத்தாய் வீட்டில் தையல் மிஷினில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருந்தார். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு திரை, எஃகு முள், சாந்தாவின் விரல். குறை உன்னுடையது இல்லை, என்னுடையது என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் அதையும் சொன்னேன்.

மிஷின் நின்றது.

"ஒண்ணு சொல்லுதேன் சார். அந்த மொத டிரே, எல்லார் முன்னாடியும் கொண்டாந்து வச்சீயளே, அதுல நான் தப்புதான் பண்ணிருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. "என்ன தப்பு?"

"கேஜுல பாயிண்ட் நாலு தகடு முனை ஒடிஞ்சுபோச்சு. சொன்னா புதுசு வர ரெண்டு நாளாவும். லைன் நிக்கும், நீங்க திட்டுவீய. அதவிடக் கனமான அடுத்த தகட்டப் போட்டு, கொஞ்சம் இறுக்கமா வச்சுப் பாத்தேன். அன்னைக்கும் மறுநாளும் அப்படித்தான். பொறவு புதுசு வந்துருச்சு. அதுக்கப்புறம் வச்சதெல்லாம் சரியாத்தான் வச்சேன். அதையும் சேத்துத்தான் நீங்க தள்ளுனீய."

"அன்னைக்குத் தட்டுதுன்னியே?"

"தட்டத்தான் செஞ்சுது. கம்மியாத் தட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சுது, சொல்லல."

அப்படியானால் அன்று காலை என் விரல் சரியாகத்தான் சொன்னதா? முந்தின நாள் வரை அவர் டிரேக்களுக்கு 'நன்று' எழுதியவனும் நான்தானே. ஒருவேளை அந்த வாரத்தில்தான் உணர்ச்சி போனதா? அல்லது எப்போதோ போய்விட்டு, குத்துமதிப்பாக எழுதியதில் அன்று மட்டும் தற்செயலாகப் பொருந்தியதா? பழியை முழுதாக ஏற்க வந்தவன் கையிலிருந்து பாதியை அவர் வாங்கிக்கொண்டார். மீதிப் பாதி எவ்வளவு என்றும் தெரியவில்லை.

வேறொரு சந்தேகமும் வந்தது. கேட்டுவிட்டேன். "எனக்கு மனசு ஆறட்டும்னு சொல்லுதியா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறுதலுக்குப் பொய் சொல்ல நீங்க எனக்கு யாரு சார்?"

செம்பிலிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தேன். பிறகு, விரல் சோதனைக்கு ஆள் வேண்டும், நீ வர வேண்டும் என்றேன். அவர் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "எல்லார் முன்னாடியும்தான சொன்னீய," என்றார். "எல்லார் முன்னாடியும் கூப்புடுங்க, வாரேன்."

அடுத்த வாரம் டீ நேரத்தில் எல்லோரையும் நிற்கச் சொல்லி, ராஜா சார் பக்கத்தில் நிற்க, சொன்னேன். செல்லத்தாய் மீது நான் போட்டது வீண்பழி, கெட்டுப்போனது என் விரல் என்றேன். சொல்லி முடிக்குமுன் செல்லத்தாய் கையை நீட்டி நிறுத்தினார். "மொத டிரே ஏந் தப்புதான். கேஜு ஒடிஞ்சத நான் சொல்லல," என்றார். டீ டம்ளரோடு நின்றவர்களுக்கு யாரைப் பார்ப்பதென்று தெரியவில்லை. ராஜா சார் பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் கையேட்டில் ஒரு வரி சேர்த்தார்: கருவி உடைந்ததைச் சொல்லுகிறவருக்குத் திட்டு கிடையாது. அந்த ஒரு வரியை மட்டும் பேனாவால் எழுதினார்.

அன்றே செல்லத்தாய் கை கழுவி, கையுறை போட்டு, என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். மின்சாரத்தைப் பழைய அளவுக்கு இறக்கி, பசையை மாற்றி, நானே பொறுப்பாக நின்று செய்யவைத்த இருபது திரைகள் அவை. எல்லாவற்றையும் அன்று மீட்டரிலும் வைத்திருந்தேன். இருபதும் சரி. செல்லத்தாய் பதினேழுக்கு 'நன்று' எழுதினார். மூன்றைத் தனியே எடுத்து வைத்தார்.

"இதுல என்ன?" என்றேன்.

"சொல்லத் தெரியல சார். சரியில்ல."

ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். இடைவெளி பாயிண்ட் நாலு. காயில் சரி, ஸ்பிரிங் சரி, பசை சரி. மற்ற இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். என் விரலுக்கு மூன்றும் ஒன்றுதான், இருபதும் ஒன்றுதான். மீட்டர் ஒன்று சொல்கிறது. ஒருமுறை மறைத்தவர் ஒன்று சொல்கிறார். கேட்டுத் தெளிய எனக்கு விரல் இல்லை. ராஜா சார் வாசலில் நின்று, "என்ன செய்யலாம் சங்கரலிங்கம்?" என்றார்.

அந்த மூன்றிலும் என்ன குறை, குறை இருந்ததா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றையும் தள்ளிவிடச் சொல்லி, செல்லத்தாயின் எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.